பழகிய உணவும் பகையாகலாம்

தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 42. சிறு வயது முதலே இறால் என்றால் அவருக்கு மிகுந்த விருப்பம். தீபாவளி விருந்திலும், சம்பள நாளன்று வீட்டில் சமைக்கும் சம்பலிலும், பட்டணத்துக் கடையில் வாங்கும் மீ கோரெங்கிலும் அவர் உண்ட இறாலுக்குக் கணக்கில்லை. ஒரு நாள் மாலை, வழக்கம்போல் இறால் சம்பலும் சோறும் உண்டு எழுகிறார். கால்மணி நேரத்திற்குள் உள்ளங்கை அரிக்கிறது. கழுத்திலும் முதுகிலும் செந்நிறத் தடிப்புகள் எழும்புகின்றன. கீழுதடு வீங்குகிறது. வீட்டார் கூடுகின்றனர். “உடம்புச் சூடு” என்கிறார் ஒருவர். “ஏதாவது பூச்சி கடித்திருக்கும்” என்கிறார் மற்றொருவர். கண்ணேறு என்று கருதி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார் பாட்டி. இரவு பத்து மணிக்குள் தடிப்பு அடங்கிவிடுகிறது. அனைவரும் உறங்கச் செல்கின்றனர்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திருமண விருந்து. மீண்டும் இறால். இம்முறை தடிப்போடு நிற்கவில்லை. தொண்டை இறுகுகிறது, குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது, கண் இருண்டு அவர் தரையில் சாய்கிறார்.

இவ்வன்பர், விளக்கத்திற்காக நாம் எழுதிக் காட்டியவரேயன்றிக் குறிப்பிட்ட எவரும் அல்லர். ஆயினும் இத்தகைய நிகழ்ச்சி எந்தத் தோட்டத்திலும், எந்தக் குடும்பத்திலும் நேரக்கூடியதே. முதல் நாள் தோன்றிய தடிப்பு ஓர் எச்சரிக்கை. அதனை ஒருவரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமைக்குக் காரணம் ஒன்றே. “நாற்பது ஆண்டுகளாக ஒன்றும் செய்யாத இறால் இன்றைக்கா செய்யப்போகிறது?” என்னும் நம்பிக்கைதான் அது. இந்த நம்பிக்கை சரியானதன்று என்பதையும், அறிகுறி கண்டவுடன் செய்யவேண்டுவன யாவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒவ்வாமை என்பது யாது?

நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடும் காவல் அமைப்பு ஒன்று உண்டு. தோட்டத்து வாயிலில் நிற்கும் ஜாகாவைப் போன்றது அது. வருவோர் போவோரைப் பார்த்து, தீயவரைத் தடுத்து, நல்லவரை உள்ளே விடுவது அதன் கடமை. சில வேளைகளில் அந்த ஜாகா தவறு செய்துவிடுகிறார். தீங்கற்ற உணவுப் பொருளொன்றைத் திருடன் என்று எண்ணிக் கூக்குரல் எழுப்புகிறார். அக்கூக்குரலே ஒவ்வாமை. ஆங்கில வழக்கில் அலர்ஜி என்பர். இச்சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே உருவாக்கினார்.

ஒவ்வாமை பெரும்பாலும் முதற் சந்திப்பில் வெளிப்படுவதில்லை. ஒரு புரதத்தைப் பகைவன் என்று உடல் தவறாக முடிவு செய்ததும், அதனை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. இம்யூனோகுளோபுலின் ஈ எனப்படும் இவ்வெதிர்ப்பொருளை 1966-ஆம் ஆண்டில் இஷிசாக்கா என்னும் ஜப்பானியத் தம்பதியர் அமெரிக்காவில் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். இது தோல், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றில் உள்ள சில உயிரணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடியும் வந்து சேரும்போது அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டிவிடுகின்றன. தோலில் தடிப்பும், உதட்டில் வீக்கமும், மூச்சுக்குழலில் இறுக்கமும், இரத்த அழுத்தத்தில் வீழ்ச்சியும் அதன் விளைவுகளே.

முன்னர் ஏற்றுக்கொண்ட பொருளை உடல் பின்னர் பகைத்துக்கொள்ளக்கூடும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர்களான சார்ல்ஸ் ரிஷே, பால் போர்ட்டியே ஆகிய இருவர் 1902-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடற்சாமந்தி என்னும் கடலுயிரின் நஞ்சை அவர்கள் நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தினர். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு செலுத்தப்பட்டபோது விரைவில் மடிந்தது. இக்கண்டுபிடிப்பின் பொருட்டு ரிஷேக்கு 1913-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. “முன்னே தாங்கிய உடல் பின்னேயும் தாங்கும்” என்னும் எண்ணத்தை அந்த ஆய்வு அன்றே பொய்யாக்கிற்று.

பெரியவர்களுக்கும் புதிதாக வருமா?

ஒவ்வாமை குழந்தைகளுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். பாலும் முட்டையும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருந்து, வளர்ந்த பின் சரியாகிவிடுவதைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால், உண்மை வேறாக இருக்கிறது. அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் வினவித் தொகுக்கப்பட்ட ஆய்வொன்று 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூற்றுக்குப் பதினொருவருக்கு உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குறைந்தது ஓர் உணவேனும் 18 வயதிற்குப் பிறகே ஒவ்வாமல் போயிருக்கிறது. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது இறால், நண்டு, சிப்பி வகைகளால் வரும் ஒவ்வாமையே.

அதே ஆய்வு மற்றொன்றையும் தெரிவித்தது. தமக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாக நம்பியவர் நூற்றுக்குப் பத்தொன்பதின்மர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் அறிகுறிகள் ஒவ்வாமையோடு பொருந்தவில்லை. எனவே இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒவ்வாமை இருந்தும் இல்லையென்று எண்ணுவது ஒன்று. இல்லாதபோது இருப்பதாக எண்ணி நல்ல உணவை விலக்குவது மற்றொன்று. முதல் தவறு உயிருக்கு ஆபத்து. இரண்டாவது தவறு உடலின் வலிமையைக் குறைக்கும். இரண்டையும் தவிர்க்கவேண்டும்.

திடீரென்று வரக் காரணம் என்ன?

ஒருவருக்கு வந்து மற்றொருவருக்கு வாராதிருப்பதற்கான முழுக் காரணமும் இன்னும் தெளிவாகவில்லை. ஆயினும் ஆய்வுகளால் அறியப்பட்ட வழிகள் சில உண்டு.

முதல் வழி, வேறொரு பொருளால் ஏற்பட்ட ஒவ்வாமை உணவுக்கும் பரவுவது. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. நம் நாட்டைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் இவை மிகுதி. இவற்றின் உடலிலும், கரப்பான் பூச்சியின் உடலிலும், இறாலிலும் நண்டிலும் ட்ரோப்போமயோசின் என்னும் புரதம் ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்திருக்கிறது. பல ஆண்டுகள் தூசியை மூச்சில் இழுத்துத் தும்மலும் இளைப்பும் கண்ட ஒருவரின் உடல், இறாலையும் அதே பகைவன் என்று எண்ணிவிடக்கூடும். இப்புரதம் கொதிநீருக்கும் அசையாதது. நன்றாக வேகவைத்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்னும் எண்ணம் இதனால் தவறாகிறது.

இரண்டாவது வழி, தொழில். ரொட்டி சுடுவோர் கோதுமை மாவையும், மீன், நண்டு பதப்படுத்தும் ஆலைகளில் பணிபுரிவோர் அவற்றின் ஆவியையும் நாள்தோறும் மூச்சில் இழுத்து, பின்னர் ஒவ்வாமைக்கு உள்ளாவது உண்டு. ரப்பர்த் தொழிலோடு தொடர்புடைய ஒன்றும் இருக்கிறது. அதனைத் தனியே கூறுவோம்.

மூன்றாவது வழி, உண்ணிக்கடி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில வகை உண்ணிகள் கடித்த பின்னர், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவை ஒத்துக்கொள்ளாமற் போனவர்களை மருத்துவர்கள் கண்டனர். இதன் விளக்கம் 2009-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்தது. உண்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழிந்த பின்னரே இவ்வகையில் அறிகுறி தோன்றுவதால், இரவு உணவின் விளைவு நள்ளிரவில் வந்து எழுப்பும். காரணம் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தமைக்கு இதுவே காரணம்.

நான்காவது, உணவோடு வேறொன்றும் சேர்வது. 1979-ஆம் ஆண்டில் வெளியான மருத்துவக் குறிப்பொன்று, ஓட்டுடைய கடலுணவை உண்ட பின்னர் நெடுந்தொலைவு ஓடியபோது மட்டும் ஒவ்வாமை கண்ட ஒருவரைப் பற்றிக் கூறியது. பின்னர், கோதுமை உணவு உண்டு கடின உழைப்பில் இறங்கும்போது மட்டும் தடிப்பும் மயக்கமும் காண்பவர்கள் உண்டு என்பதும் தெரியவந்தது. விடியுமுன் ரொட்டி சானாய் உண்டு, மலைச்சரிவில் மரம் வெட்டச் செல்லும் தொழிலாளி ஒருவருக்கு இது நேருமாயின், வெயிலின்மேலோ களைப்பின்மேலோ பழி போடுவது எளிது. வலி மாத்திரைகளில் சிலவும், மதுவும், காய்ச்சலும்கூட இவ்வாறு ஒவ்வாமையைத் தூண்டவோ பெருக்கவோ கூடும். ஒரு நாள் உண்டபோது ஒன்றும் நேராமல், மறுநாள் அதே உணவு துன்பம் தருவதன் விளக்கம் சில வேளைகளில் இதுவே.

பால்மரமும் வாழைப்பழமும்

வெட்டுக்காயம் பட்ட பால்மரம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்பதை நம் தொழிலாளர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. வழிந்த பால் உறைந்து வெட்டை மூடிக் கோட்டுப்பாலாக நிற்பதை நாள்தோறும் காண்பவர்கள் அவர்கள். அவ்வாறு பால் உறைவதற்கும், பூஞ்சணம் பற்றாமல் காப்பதற்கும் உதவும் புரதங்களுள் ஒன்று ஹெவெயின். இதைப் போன்ற தற்காப்புப் புரதங்கள் வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, கிவிப்பழம் முதலியவற்றிலும் இருக்கின்றன.

பால்மரத்துப் புரதத்தால் ஒவ்வாமை வரும் என்பது 1979-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான ஒரு குறிப்பால் அறியப்பட்டது. வீட்டு வேலைக்கு ரப்பர்க் கையுறை அணிந்த பெண்ணொருவருக்குக் கையில் தடிப்பு உண்டாயிற்று. எண்பதுகளில் எய்ட்ஸ் நோய் குறித்த அச்சத்தால் மருத்துவமனைகளில் கையுறையின் பயன்பாடு பன்மடங்கு பெருகிற்று. அதனோடு தாதியரிடமும் மருத்துவரிடமும் இவ்வொவ்வாமையும் பெருகிற்று. கையுறையின் உட்புறம் தூவப்பட்ட மாவு, பால்மரத்துப் புரதத்தைச் சுமந்து காற்றில் பரவியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளரும் இப்புரதங்களை இனங்காணும் பணியில் பங்கு கொண்டனர். புரதத்தைக் கழுவிக் குறைத்த கையுறைகளும், மாவு தூவாத கையுறைகளும் பின்னர் வழக்கத்திற்கு வந்தன. மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017-ஆம் ஆண்டு சனவரியிலிருந்து தடை செய்தது.

இதற்கும் உணவிற்கும் உள்ள தொடர்பை 1994-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் விளக்கினர். ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை உடையவர்களுள் நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரை வாழைப்பழம், அவகாடோ, கிவி போன்ற ஏதேனும் ஒரு தாவர உணவுக்கும் ஒவ்வாமை காட்டுவதாக அறியப்பட்டுள்ளது. குழந்தைப் பருவம் முதல் உண்டுவந்த வாழைப்பழம் ஒருநாள் நாவையும் தொண்டையையும் அரிக்கச் செய்யும் விந்தை, இவ்வாறே நேர்கிறது.

இதனைப் படித்து, பால்மரம் வெட்டும் அன்பர்கள் அச்சம் கொள்ளவேண்டியதில்லை. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் பாலோடு பழகியும் நலமாகவே இருக்கின்றனர். ஆனால், ரப்பர்க் கையுறை அணிந்தாலோ, குழந்தையின் பலூனை ஊதினாலோ தடிப்பு, தும்மல், உதட்டு வீக்கம் ஆகியவை காணப்படுமாயின், அதனை மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். கையுறை ஆலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் இதனை அறிந்திருத்தல் நலம். பல் பிடுங்குவதற்கு முன்னும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், பிரசவத்திற்கு முன்னும் இச்செய்தியைச் சொல்லிவிட்டால், மருத்துவமனையில் வேறு கையுறையைப் பயன்படுத்துவர்.

ஒவ்வாமை போலத் தோன்றுவன

உணவுக்குப் பின் வரும் துன்பம் அனைத்தும் ஒவ்வாமை அன்று. கீழ்க்காணும் மூன்றையும் பிரித்தறியவேண்டும்.

பால் குடித்தால் வயிறு உப்பி, கழிச்சல் காண்பவர் நம்மிடையே பலர். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் வயது ஏற ஏறக் குறைவதே இதன் காரணம். இது தொல்லை தருமேயன்றி உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை.

கானாங்கெளுத்தி, சூரை முதலிய மீன்களைப் பனிக்கட்டியிலிடாமல் வெயிலில் வைத்திருந்தால், நுண்ணுயிர்களின் செயலால் அம்மீனிலேயே ஹிஸ்டமின் பெருகிவிடும். அதனை உண்டவர்க்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பும் தோன்றும். சமைப்பதால் ஹிஸ்டமின் அழிவதில்லை. ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒரே வேளையில் இவ்வாறு நேர்ந்தால், அது மீனின் குற்றமேயன்றி அவர்தம் உடலின் குற்றமன்று. மோட்டார் சைக்கிளில் வரும் மீனை வாங்கும் இல்லத்தரசியர், அது பனிக்கட்டிக்குள் இருந்ததா என்று பார்த்து வாங்குவது இதனால் இன்றியமையாதது.

மூன்றாவது, மருந்து. இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் பெரிண்டோப்ரில், எனாலாப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உதட்டையும் நாவையும் வீங்கச் செய்யும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட பிறகும் இது நேரலாம். அப்பொழுது அன்று உண்ட உணவின்மேல் பழி விழுகிறது. இத்தகைய வீக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். செல்லும்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்லவேண்டும்.

ஆபத்து அறிகுறிகளும் உடனே செய்யவேண்டுவனவும்

உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் வெளிப்படும். அரிப்பு, தடிப்பு, உதட்டு வீக்கம், வயிற்றுவலி, வாந்தி ஆகியவை பொதுவான அறிகுறிகள். தொண்டை இறுகுதல், குரல் மாறுதல், நா வீங்குதல், மூச்சு இழுத்தல், கண் இருளுதல், மயக்கம், உடல் வெளிறிக் குளிர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அது உயிராபத்து. தோலில் தடிப்பே இல்லாமலும் இவ்வாபத்து நேரக்கூடும்.

பிரிட்டனில் ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, உணவால் நேர்ந்த இறப்புகளில் அறிகுறிக்கும், மூச்சோ இதயமோ நிற்பதற்கும் இடைப்பட்ட காலம் நடுத்தரமாக 30 நிமிடம் என்று கூறுகிறது. நம் தோட்டங்களுள் பல, மருத்துவமனைக்கு அதனினும் மிகுந்த நேரப் பயணத்தில் உள்ளவை. “சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்” என்பதற்கு இங்கே இடமில்லை என்பதை அன்பர்கள் உணர்ந்துகொள்ளவேண்டும்.

1. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். மூச்சுத் திணறுமாயின் காலை நீட்டி அமரலாம். வாந்தி எடுத்தாலோ நினைவு இழந்தாலோ ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். கர்ப்பிணியாயின் இடப்புறமாகப் படுக்கவேண்டும்.

2. எழுந்து நிற்கவோ நடக்கவோ விடலாகாது. படுத்திருந்தவர் திடீரென்று எழுந்த அளவில் இதயம் நின்ற நிகழ்ச்சிகள் உண்டு. எனவே, மோட்டார் சைக்கிளின் பின்புறம் உட்காரவைத்து ஏற்றிச் செல்வது மிகத் தவறாகும்.

3. 999 என்னும் எண்ணை அழைத்து, ‘உணவு ஒவ்வாமை, மூச்சு முட்டுகிறது’ என்று தெளிவாகக் கூறவேண்டும். தோட்டத்தின் பெயரையும், பிரிவையும், வழியையும் சொல்லவேண்டும். ஆம்புலன்ஸ் வர நெடுநேரம் ஆகும் என்று தெரிந்தால், அவர்களின் அறிவுரைப்படி, தோட்ட வண்டியிலோ காரிலோ படுக்கவைத்துக்கொண்டு செல்லலாம். ஒருவர் நுழைவாயிலில் நின்று வழிகாட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. மயங்கியவர் வாயில் மோர், இஞ்சிச்சாறு, தண்ணீர் எதனையும் ஊற்றலாகாது. மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் போக்கிவிடும்.

5. இவ்வாபத்திற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் அது போடப்படும். அரிப்பை அடக்கும் மாத்திரை தோலின் தடிப்பைக் குறைக்குமேயன்றி, மூச்சு அடைப்பையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் தடுக்காது. மாத்திரை கொடுத்தாயிற்று என்று வீட்டில் இருந்துவிடலாகாது.

6. சற்றுக் குணமானதும் வீடு திரும்ப அவசரப்படலாகாது. அடங்கிய அறிகுறி சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்குவது உண்டு. மருத்துவர் இருக்கச் சொல்லும் வரை மருத்துவமனையிலேயே இருக்கவேண்டும்.

காரணத்தைக் கண்டறிவது எப்படி?

முதன்முறை சிறு தடிப்பு தோன்றிய போதே, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதி வைப்பது மிகுந்த பயன் தரும். எந்த நாள், எத்தனை மணி, உண்டவை யாவை, எவ்வளவு நேரத்தில் அறிகுறி தோன்றியது, உண்டபின் என்ன வேலை செய்தார், என்ன மாத்திரை உட்கொண்டார், அதே உணவை உண்ட மற்றவர்க்கு என்ன ஆயிற்று என்பவற்றை எழுதவேண்டும். எழுதத் தெரியாத முதியவர்க்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதித் தரலாம். உதடும் தோலும் வீங்கிய நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நன்று. மருத்துவரைக் காணும்போது தடிப்பு மறைந்திருக்கும், படம் மறையாது. ஐயப்படும் உணவை அதுவரை விலக்கி வைக்கவேண்டும்.

அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவர் இக்குறிப்பைப் பார்த்து, தேவையாயின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார். முன்கையில் உணவுச் சத்தின் ஒரு துளியை இட்டு நுனியால் இலேசாகக் குத்திப் பார்ப்பது ஒரு சோதனை. இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளப்பது மற்றொன்று. இச்சோதனைகளின் முடிவு மட்டும் போதாது. எதிர்ப்பொருள் இருந்தும் அவ்வுணவைத் துன்பமின்றி உண்பவர் பலர் உளர். அதனால் நோட்டுப் புத்தகத்துக் குறிப்பும் சோதனையும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். ஐயம் தீராவிடில், மருந்தும் கருவியும் ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில், அவ்வுணவைச் சிறிது சிறிதாக உண்ணவைத்துப் பார்ப்பதும் உண்டு. “கொஞ்சம் தின்று பார்ப்போமே” என்று வீட்டில் தாமே இச்சோதனையைச் செய்வது பெருந்தீங்கு.

வீட்டிலும் கடையிலும்

பெரியவர்க்கு வந்த இறால் ஒவ்வாமை பெரும்பாலும் நீங்குவதில்லை. விலக்கி வாழ்வதே வழி. விலக்கவேண்டுமாயின், அது ஒளிந்திருக்கும் இடங்களை அறிந்திருக்கவேண்டும். பெலாச்சான் சிற்றிறாலால் செய்யப்படுவது. ஆகவே சம்பலிலும், கங்கோங் பிரட்டலிலும், லக்சாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் இறால் இருக்கக்கூடும். இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த வேறு பண்டத்திலும், ஒரே குவாலியில் அடுத்தடுத்துப் பிரட்டும் மீயிலும் அது கலந்துவிடும். கடைக்காரரிடம் “சாயா ஆலா கெபாடா ஊடாங்” என்று சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. இதே செய்தியை ஒரு சீட்டில் எழுதி அடையாளக் கார்டோடு வைத்துக்கொண்டால், மயங்கிய நேரத்தில் அது நமக்காகப் பேசும்.

இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மீனையும் சேர்த்து விலக்கவேண்டியதில்லை. மீனின் புரதம் வேறு. எவற்றை விலக்குவது, எவற்றை உண்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவேண்டும். தாமாகவே மீன், முட்டை, பருப்பு, பால் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், உழைக்கும் உடலுக்கு ஊட்டம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் வளர்ச்சியும் அதனால் குன்றும்.

விருந்து கொடுப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். “ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மச்சான்” என்று வற்புறுத்துவது நம்மவரிடையே அன்பின் அடையாளம். ஒவ்வாமை உடையவர்க்கு அந்த ஒரு வாயே போதும். அவர் வேண்டாம் என்றால், அதனை மதித்து வேறு உணவு பரிமாறுவதே உண்மையான விருந்தோம்பல்.

உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்பவர்க்கு நோயின் துன்பம் இல்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் கூறியிருக்கிறார். எது மாறுபடுகிறது என்பதை நேற்றைய பழக்கம் சொல்லாது. இன்று உடல் காட்டும் அறிகுறியே சொல்லும். நாம் தொடக்கத்தில் கண்ட அன்பரின் வீட்டில், முதல் நாள் மாலையிலேயே எவரேனும் ஒருவர், “இன்று இறால் உண்ட பிறகுதானே இது வந்தது? நாளைக் காலை கிளினிக்குக்குப் போய்வருவோம்” என்று கூறியிருந்தால், அவர் திருமணப் பந்தலில் சாய்ந்திருக்கமாட்டார். அந்த ஒருவராக ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.